நீர்க்கடுப்பா, நீரடைப்பா? பூனை வளர்க்கும் மூத்தோருக்கு ஓர் உரை

(கேலாங் வட்டார மூத்தோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல, மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் இருக்கும் உடல்நலக் குறிப்புகளை நீங்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதுவது என் வேலை. இன்று பேசப்போவது மனிதர்களின் உடல்நலத்தைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டில், சோபாவின் மூலையில், சுருண்டு படுத்திருக்கிறதே, அந்தப் பூனையைப் பற்றி.

பூனைக்குச் சிறுநீர் கழிப்பதில் வரும் தொந்தரவுதான் தலைப்பு. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இதில் ஒருவகைத் தொந்தரவு இரண்டு மூன்று நாளில் உயிரையே எடுத்துவிடும். அதை அடையாளம் கண்டுகொள்ள டாக்டர் படிப்பு தேவையில்லை. பக்கத்தில் இருந்து கவனிக்கும் கண் போதும். நாள் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

என் பாட்டி வீட்டில் நடந்தது

என் பாட்டி கேலாங்கில், ஹேக் சாலைப் பக்கம், ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். தாத்தா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். புளோக்கின் கீழ்த்தளத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செம்பட்டைக் குட்டி, ஒருநாள் அவர் பின்னாலேயே மின்தூக்கியில் ஏறி வந்துவிட்டது. கடுவன் குட்டி. மணி என்று பெயர் வைத்தார். ஏழு ஆண்டுகள் பாட்டிக்குப் பேச்சுத்துணை அவன்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மணி மணல் தட்டில் போய் உட்கார்ந்தான். வெளியே வந்தான். மறுபடியும் போய் உட்கார்ந்தான். கத்தினான். பாட்டி பார்த்துவிட்டு, "உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு வந்திருக்கு" என்றார். நம் வீடுகளில் எல்லோரும் இதைத்தான் சொல்வோம். நீர்க்கடுப்புக்கு நமக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? இளநீர். கரண்டியில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்.

சாயங்காலம் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நானும், "சரி பாட்டி, நாளைக்குக் காலையில வந்து பார்க்கிறேன்" என்றேன். அப்போது வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லை. கால்நடை மருத்துவரிடம் போனால் முகவரி கேட்பார்கள், பிறகு பிரச்சினை வரும் என்ற பயமும் பாட்டிக்கு இருந்தது. சனிக்கிழமை காலை நான் போனபோது மணி குளியலறைத் தரையில் அசையாமல் கிடந்தான். மருத்துவரிடம் கொண்டுசேர்க்கும் முன்பே உயிர் போய்விட்டது.

மணிக்கு வந்தது நீர்க்கடுப்பு அல்ல, நீரடைப்பு. இரண்டு சொற்களும் கேட்க ஒன்றுபோல இருக்கின்றன. ஆனால் கடுப்பு என்றால் சிறுநீர் வலியோடு வருகிறது. அடைப்பு என்றால் வரவே இல்லை. சொற்களை வைத்துப் பிழைக்கும் நானே அன்று அந்த வேறுபாட்டைக் கேட்கத் தவறிவிட்டேன். "ஒரு சொட்டாவது வருதா பாட்டி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களிடம் கொடுத்துவிட்டுப் போக விரும்புகிறேன்.

அடைப்பு ஏன் உயிரை எடுக்கிறது?

சிறுநீரகம் இரத்தத்தில் உள்ள கழிவைப் பிரித்துச் சிறுநீராக்குகிறது. அது சிறுநீர்ப்பையில் சேர்ந்து, ஒரு குழாய் வழியாக வெளியேறுகிறது. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் நீளம், கடைசிப் பகுதி மிகவும் குறுகல். சளிபோன்ற பொருளும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்த ஓர் அடைப்பான், அல்லது சிறு கல், அங்கே சிக்கிக்கொள்ளலாம். சில நேரங்களில் வீக்கமும் தசை இறுக்கமுமே வழியை மூடிவிடும். பெண் பூனைக்குக் குழாய் குட்டை, அகலமும் கூட. அதனால் முழு அடைப்பு பெரும்பாலும் ஆண் பூனைக்குத்தான் வருகிறது. கருத்தடை செய்த ஆண் பூனைக்கும் வரும்.

வழி அடைபட்டதும் சிறுநீர்ப்பை பலூன்போல உப்புகிறது. கழிவு மறுபடியும் இரத்தத்திலேயே தேங்குகிறது. முக்கியமாகப் பொட்டாசியம் என்ற உப்பு இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறி, நின்றுவிடும். ஓரிரு நாளிலேயே அந்த நிலை வந்துவிடலாம்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். மனிதருக்கு வெயிலில் நல்லது. ஆனால் அடைப்பு உள்ள பூனைக்கு அது நஞ்சோடு நஞ்சு சேர்ப்பதுபோல. பாட்டி கொடுத்த நாலு கரண்டி இளநீரால்தான் மணி இறந்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டு நாங்கள் காத்திருந்த இரவு அவனுக்கு இல்லாமல் போனது.

எதைக் கவனிக்க வேண்டும்?

இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் பூனைக்குச் சிறுநீர்த் தொந்தரவு இருக்கலாம்:

• மணல் தட்டுக்கு அடிக்கடி போய்வருகிறது. அதிக நேரம் குந்தியிருக்கிறது.
• சிறுநீர் கழிக்கும்போது கத்துகிறது, முனகுகிறது.
• சொட்டுச் சொட்டாக வருகிறது. இளஞ்சிவப்பாகவோ இரத்தம் கலந்தோ இருக்கிறது.
• வழக்கமில்லாமல் குளியலறைத் தரை, கைகழுவும் தொட்டி, படுக்கை, துணிக்கூடை ஆகிய இடங்களில் கழிக்கிறது.
• பின்பகுதியை ஓயாமல் நக்குகிறது.
• தூக்கினால், வயிற்றைத் தொட்டால், சீறுகிறது, ஒளிந்துகொள்கிறது.

கண்ட இடத்தில் கழிக்கும் பூனையைத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். அது குறும்பு செய்யவில்லை. மணல் தட்டில் போனால் வலிக்கிறது, வேறு இடத்தில் போனால் வலிக்காதோ என்று தேடுகிறது. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

பலர் செய்யும் இன்னொரு தவறு, இதை மலச்சிக்கல் என்று நினைப்பது. பூனை குந்தி முக்குவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். விளக்கெண்ணெய், நெய் என்று எதையாவது கொடுக்கத் தொடங்குவோம். எது என்று சந்தேகமாக இருந்தால் சிறுநீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் ஒருநாள் பொறுக்கும், அடைப்பு பொறுக்காது.

இப்போது முக்கியமானது. பூனை திரும்பத் திரும்ப முயன்றும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது அவசர நிலை. அதோடு வாந்தி, சாப்பிடாமை, சோர்ந்து படுத்தல் ஆகியவையும் சேர்ந்துவிட்டால் ஆபத்து முற்றிவிட்டது என்று பொருள். இரவு மணி பன்னிரண்டாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

சொட்டாவது வருகிறது, பூனை சாப்பிடுகிறது, நடமாடுகிறது என்றால், அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கண்காணித்துக்கொண்டே இருங்கள். இன்று கடுப்பாக இருப்பது நாளை அடைப்பாக மாறலாம்.

என்ன செய்ய வேண்டும்?

கால்நடை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழையுங்கள். சிங்கப்பூரில் 24 மணி நேரமும் இயங்கும் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ளது எது என்று பிள்ளைகளிடம் கேட்டு, அதன் எண்ணை இன்றைக்கே குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

அங்கே பேசுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கவலை வேண்டாம். நான் எழுதித் தருவதை அப்படியே படியுங்கள்:

"மை கேட் இஸ் எ பாய். ஹீ கெனாட் பாஸ் யூரின். நோ யூரின் சின்ஸ் மார்னிங். எமர்ஜென்சி. கேன் ஐ கம் நவ்?"

இதன் பொருள்: என் பூனை ஆண். அதற்குச் சிறுநீர் போகவில்லை. காலையிலிருந்து வரவில்லை. அவசரம். இப்போது வரலாமா?

நேற்று இரவிலிருந்து வரவில்லை என்றால் "மார்னிங்" என்ற இடத்தில் "லாஸ்ட் நைட்" என்று சொல்லுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்விகள் இவை: எத்தனை வயது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, வாந்தி எடுத்ததா, சாப்பிட்டதா, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா. இளநீரோ எண்ணெயோ எது கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைக் குறைசொல்ல மாட்டார்கள்.

எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் பூனையைக் கொண்டுபோக முடியாது. டாக்சி கூப்பிடும்போதே, கூண்டில் பூனை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கூண்டு வீட்டில் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அவசர நேரத்தில் அலமாரிக்கு மேலே ஏறித் தேடி, நீங்கள் விழுந்துவிடக் கூடாது.

செய்யக்கூடாதவை

• வயிற்றை அமுக்காதீர்கள். உப்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.
• வலிக்கிறதே என்று பனடோல் கொடுக்காதீர்கள். அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் உடலில் இல்லை. ஒரே ஒரு மாத்திரையும் கொன்றுவிடலாம்.
• பலதுறை மருந்தகத்தில் உங்களுக்குக் கொடுத்து மிச்சமிருக்கும் நோய்க்கிருமி எதிர்ப்பு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இளம்பூனைகளுக்கு வரும் சிறுநீர்த் தொந்தரவுக்குக் கிருமி காரணமாக இருப்பது குறைவு. கிருமித் தொற்று பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்குத்தான் வருகிறது. எதற்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும்.

உங்கள் உடல்நலத்துக்காகவும் ஒன்று சொல்கிறேன். வலியில் இருக்கும் பூனை, பாசமாக வளர்த்தவரையும் கடிக்கும். அதைப் பெரிய துண்டால் சுற்றித் தூக்குங்கள். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைக்கடி பார்க்கச் சின்ன ஓட்டையாகத்தான் இருக்கும். ஆனால் கிருமி ஆழத்தில் இறங்கிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

பூனைக்கு மயக்கமருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்குவார்கள். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். இரத்தத்தைச் சோதிப்பார்கள். சில நாள்கள் அங்கேயே வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மறுபடி அடைப்பு வரலாம், குறிப்பாக முதல் சில நாள்களில். மீண்டும் மீண்டும் வந்தால் வழியை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு.

செலவு ஆகும். அதை நான் மறைக்க விரும்பவில்லை. தயங்காமல் முதலிலேயே எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்; உங்களால் எவ்வளவு முடியும் என்றும் சொல்லுங்கள். என்னென்ன வழிகள் உண்டு என்று மருத்துவர் சொல்வார். பணத்தை நினைத்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுதான் பூனைக்கு மிகக் கொடுமையான முடிவு.

வராமல் தடுப்பது எப்படி?

பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளுக்கு வரும் சிறுநீர்த் தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கல்லோ கிருமியோ காரணம் அல்ல. சிறுநீர்ப்பை தானாகவே வீங்கிக்கொள்கிறது. மன உளைச்சல், உடற்பருமன், குறைவாகத் தண்ணீர் குடித்தல், வீட்டுக்குள் ஆட்ட ஓட்டம் இல்லாமல் அடைந்துகிடத்தல் ஆகியவை அதைத் தூண்டுகின்றன. இவை நம் கையில் இருப்பவை.

தண்ணீர். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு, உணவில் இருப்பதையும் சேர்த்து, நாளுக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் தண்ணீர் தேவை. ஏறக்குறைய ஒரு கோப்பை. காய்ந்த உணவில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். டின்னிலும் பொட்டலத்திலும் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே ஒரு வேளையாவது ஈர உணவு கொடுங்கள். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் மீன் வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினால் ஆசையாகக் குடிக்கும். மீன் குழம்பும் உப்பு நெத்திலியும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. பால் தண்ணீருக்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும்.

மணல் தட்டு. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பது கணக்கு. சத்தமில்லாத இடத்தில், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி வையுங்கள். தினமும் அள்ளுங்கள். தட்டு அழுக்காக இருந்தால் பூனை அடக்கிக்கொள்ளும். குனிவது சிரமம் என்றால் நீண்ட பிடியுள்ள அள்ளுகரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். அள்ளிய பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கணக்கு வைத்தல். கட்டியாகும் மணலைப் பயன்படுத்தினால், நாளுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு சிறுநீர்க் கட்டிகள் இருக்கும். நாள்காட்டியில் எண்ணிக்கையைக் குறித்துவாருங்கள். கடுகளவு கட்டிகள் நிறைய இருந்தால் கடுப்பு. கட்டியே இல்லை என்றால் அடைப்பு. வயதான பூனையின் கட்டிகள் முன்பைவிடப் பெரிதாகி, தண்ணீரும் நிறையக் குடித்தால், சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மன அமைதி. பூனைக்கு நேற்று போலவே இன்றும் இருக்க வேண்டும். அண்டைவீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம், தீபாவளிக்கு வரும் விருந்தினர் கூட்டம், புதிதாக வந்த இன்னொரு பூனை, நீங்களே சில நாள்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வருவது, எல்லாமே அதை உலுக்கும். இப்படிப்பட்ட நாள்களில் ஓர் அறையைத் தனியாக ஒதுக்கி, தண்ணீரும் மணல் தட்டும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் வையுங்கள். மணல் தட்டை அந்த வாரம் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். தினமும் பத்து நிமிடம் ஒரு கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டினால் பூனைக்கு எடையும் குறையும், உங்களுக்கும் பொழுது போகும்.

பயப்படத் தேவையில்லை

கடைசியாக ஒன்று. என் பாட்டிக்கு இருந்த பயம் இனி யாருக்கும் வேண்டாம். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. மைக்ரோசிப் பொருத்தி, உரிமம் பெற வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவர்கள் இணையத்தில் ஓர் இலவசப் பயிற்சியை முடிக்க வேண்டும். சன்னல்களுக்கு வலை போட்டு, பூனை விழாமலும் வெளியே அலையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் புதிய முறைக்கு மாறுவதற்கான காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை. இதைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு. கணினியில் விண்ணப்பிக்கத் தெரியவில்லை என்றால் பேரப்பிள்ளைகளையோ சமூக மன்ற ஊழியர்களையோ கேளுங்கள்.

மணி போன பிறகு பாட்டி வேறு பூனை வளர்க்கவில்லை. "அவன் என்கிட்ட வந்து வந்து சொன்னான், எனக்குத்தான் புரியல" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். புரியாமல் போனது அவர் தவறு அல்ல. அவருக்குப் புரியும் மொழியில் யாரும் முன்பே சொல்லிவைக்கவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்லிவிட்டேன். பூனை வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் சொல்லுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மணல் தட்டை ஒருமுறை பாருங்கள். எத்தனை கட்டி என்று எண்ணுங்கள். உங்கள் பூனை தட்டில் உட்கார்ந்து தவித்தால், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு சொட்டாவது வருகிறதா?

வரவில்லை என்றால், உடனே தொலைபேசியை எடுங்கள்.